அம்மா கேட்டது இரண்டு கேள்வி

தைவானில் இருக்கிற எங்கள் ஊர் தைனானில் யாரும் நடக்க மாட்டார்கள். நூடுல்ஸ் கடை எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வாசல்தான். அதற்கும் அப்பா ஸ்கூட்டரைத்தான் எடுப்பார். அவர் ஹெல்மெட் மாட்டி, வண்டியைத் திருப்பி, கிளப்பி, நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் நான் நடந்தே போய்ப் பாதிக் கிண்ணம் சாப்பிட்டிருப்பேன்.

கேட்டால், “ஸ்கூட்டர் மெக்கானிக்கே நடந்து போனா, என்னை நம்பி யாரு வண்டியக் குடுப்பா?” என்பார்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு நாள் டோக்கியோவிலிருந்து சித்தி போன் செய்தாள்.

“ஜூன் மாசம் எனக்குக் கல்யாணம். எல்லாரும் வரணும். அப்புறம் அத்தான்கிட்ட சொல்லு, இங்க நிறைய நடக்கணும்!”

அவ்வளவுதான், வீடு தலைகீழாக மாறியது.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. ஆறு வருடமாக டோக்கியோவில் ஒரு முடிதிருத்தும் கடையில் வேலை பார்க்கிறாள். அவள் கட்டிக்கொள்ளப் போகிற நவோகி, போனில் எப்போது வந்தாலும் முதலில் குனிந்து வணங்குவார். அப்போது அவருடைய உச்சந்தலை மட்டும்தான் திரையில் தெரியும். அதனால் அவர் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு ரொம்ப ஆசை.

ஆசை என்ன, எனக்கு எல்லாவற்றிலும் ஆசைதான். ஏன் என்று ஒரு தடவையாவது கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அந்த ஊரில் நகரும் படிக்கட்டில் ஏன் இடது பக்கமாக ஒதுங்கி நிற்கிறார்கள்? நாங்கள் இங்கே வலது பக்கம்தானே நிற்கிறோம்? கடையில் காசைக் கையில் கொடுக்காமல் ஏன் ஒரு சின்னத் தட்டில் வைக்கிறார்கள்? இருநூறுக்கு மேல் வாசல் இருக்கிற ரயில் நிலையத்தை யார் கூட்டுவார்கள்?

“ரூயான், வாயக் கொஞ்சம் மூடு. நான் ரயில்ல இருக்கேன்” என்றார் அப்பா.

அவர் உண்மையில் சோபாவில் இருந்தார். டோக்கியோ ரயிலில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்களாம். அப்பாவோ பத்து என்ஜின் உறுமலுக்கு நடுவே பேசிப் பழகியவர். அவர் ரகசியம் சொன்னால் அடுத்த சந்தில் பதில் வரும். அதனால் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு சோபாவில் உட்கார்ந்து, வாய் திறக்காமல் இருந்து பழகிக்கொண்டிருந்தார்.

தொலைக்காட்சியில் பேஸ்பால் ஓடியது. எங்கள் ஊர் அணி ஒரு பந்தைக் கோட்டைவிட்டது.

“அடேய்!” என்று கத்தினார் அப்பா.

“அப்பா, ரயில்ல எல்லாரும் உங்களையே பாக்குறாங்க.”

“அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிடறேன்” என்று சமையலறைக்குப் போய்விட்டார்.

பெட்டி கட்டும் வேலை அம்மாவுடையது. சித்திக்குச் சின்ன வயதிலிருந்தே எங்கள் ஊர் மாம்பழம் என்றால் உயிர். ஆனால் புதுப் பழத்தை விமானத்தில் கொண்டுபோகக் கூடாது, இறைச்சி சேர்த்த எதையும் கொண்டுபோகக் கூடாது என்று சித்தி கறாராகச் சொல்லிவிட்டாள். அப்பா ஆசையாக வாங்கி வைத்திருந்த வறுத்த பன்றி இறைச்சித் தூள் டப்பாவைப் பெட்டியிலிருந்து அம்மா வெளியே எடுத்தாள். அப்பா அதைத் திரும்ப உள்ளே வைத்தார். அம்மா மறுபடியும் எடுத்தாள். கடைசியில் பிரச்சினையே வேண்டாமென்று அப்பா அதைச் சாப்பிட்டுவிட்டார்.

காய்ந்த மாம்பழத்துக்குத் தடை இல்லை. அம்மா மாம்பழங்களைக் கீற்றுக் கீற்றாக நறுக்கிக் காய வைத்தாள். வீடு முழுக்க வாசனை தூக்கியது.

ஒரு நாள் சாயங்காலம் பெட்டிக்குள் என் தொப்பியைத் தேடினேன். அப்பாவின் கோட்டு இருந்தது. என் புது கவுன் இருந்தது. குடை, மருந்து, செருப்பு, மாம்பழத் துண்டுகள் எல்லாம் இருந்தன. அம்மாவின் துணி ஒன்றுகூட இல்லை.

“அம்மா, உன் துணி எங்க?”

அம்மா கடைக்கு மறுநாள் வேண்டிய இஞ்சியை நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் காலையில் பால்மீன் கஞ்சிக் கடை நடத்துகிறாள்.

“நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் வரல. கடைய யாரு பாத்துக்குவா?”

“அப்பாவுக்குப் பல்வலின்னு மூணு நாள் கடைய மூடினியே?”

“பல்வலி வேற, டோக்கியோ வேற.”

“உன் சொந்தத் தங்கச்சி கல்யாணம்மா! ஏன் வரமாட்டேங்குற?”

“சும்மா நொய் நொய்ன்னு கேட்டுட்டே இருக்காதே. போய்ப் படி.”

நான் படிக்கப் போகவில்லை, யோசிக்கப் போனேன். சித்தியை இடுப்பில் தூக்கி வளர்த்தது அம்மா. சித்தி டோக்கியோவுக்குப் போன அன்று விமான நிலையத்தில் அம்மா அழுத அழுகையில் அப்பாவின் சட்டைத் தோள் நனைந்தது. அவள் கல்யாணத்துக்குப் போக மாட்டேன் என்கிறாள் என்றால், கடை காரணமே இல்லை. வேறு ஏதோ இருக்கிறது. அது என்னவென்று தெரியாமல் எனக்கு மண்டை குடைந்தது.

சனிக்கிழமை அம்மா மாஜு அம்மன் கோயிலுக்குக் கிளம்பினாள். மாஜு அம்மன் எங்கள் கடல் தெய்வம். நானும் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் பெரிய விஷயம் எதுவானாலும் அம்மனிடம் கேட்டுவிட்டுத்தான் செய்வார்கள். பிறை வடிவத்தில் இரண்டு சிவப்புக் கட்டைகள் இருக்கும். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மேடு. கேள்வியைச் சொல்லிவிட்டுக் கீழே போட வேண்டும். ஒன்று தட்டை, ஒன்று மேடு என்று விழுந்தால் அம்மன் ‘சரி’ என்கிறாள். இரண்டும் மேடாக விழுந்தால் ‘வேண்டாம்’. இரண்டும் தட்டையாக விழுந்தால் அம்மன் சிரிக்கிறாள்.

அம்மா கண்ணை மூடி, முணுமுணுத்து, கட்டைகளைப் போட்டாள். இரண்டும் தட்டை.

எடுத்து மறுபடியும் போட்டாள். இரண்டும் தட்டை.

மூன்றாவது தடவையும் அதேதான். பக்கத்தில் நின்றிருந்த ஒரு தாத்தா எட்டிப் பார்த்துவிட்டு, “அம்மனுக்கு இன்னிக்கு நல்ல மூடு போல!” என்று சொல்லிப் போனார்.

“அம்மா, சிரிச்சா கேள்வி சரியில்லன்னு அர்த்தம். என்ன கேட்ட?” என்றேன் நான்.

“நேராத்தான் கேட்டேன். போகலாமா, வேண்டாமா?”

“ஐயோ அம்மா! அது ரெண்டு கேள்வி. அம்மன் சரின்னு சொன்னா எதுக்குச் சரி? போறதுக்கா, வேண்டாம்கிறதுக்கா?”

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அம்மனைப் பார்த்தாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“சரி, முதல்லேருந்து சொல்றேன்” என்று மண்டியிட்டாள். அம்மனிடம் பேரும் விலாசமும் சொல்லி விவரமாகப் பேச வேண்டும். இல்லாவிட்டால் அத்தனை கூட்டத்தில் யார் கேட்கிறார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

“அம்மா தாயே, நான் சியூபிங். மீன் சந்தைக்குப் பின்னால மூணாவது சந்து. என் தங்கச்சிக்கு டோக்கியோவுல கல்யாணம். எனக்குப் போகணும்னு ஆசை. ஆனா பயமா இருக்கு. தைபேய்ல பூமிக்கடியில ஸ்டேஷன்ல நான் வழி தெரியாம நின்னேனே, இவ சின்னப் பிள்ளை, கூட்டத்துல இவ கை என் கையிலேருந்து நழுவிப் போச்சே. அது எனக்கு இன்னும் மறக்கல. டோக்கியோ அத விடப் பெருசாம். மறுபடியும் அப்படி ஆனா நான் என்ன பண்ணுவேன்?”

 கட்டைகளை அவள் போடவே இல்லை. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்தாள்.

 எங்கள் தலைநகர் தைபேயில் நடந்த அந்தக் கதை எனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். புத்தாண்டு விருந்தில் வருடா வருடம் அப்பா அதைச் சொல்வார். அம்மா ஒரே காபிக் கடையை நாலு தடவை சுற்றி வந்ததை நடித்துக் காட்டுவார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, கடைசியாக அம்மாவும் சிரிப்பாள்.

அது வேடிக்கைக் கதை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அன்று மத்தியானமே அப்பாவின் பட்டறைக்குப் போனேன். அவர் ஒரு பழைய ஸ்கூட்டருக்கு அடியில் படுத்திருந்தார்.

“அப்பா, தைபேய்ல வழி தப்பின அன்னிக்கு அம்மா அழுதாளா?”

“ம்? அழுதா, கொஞ்ச நேரம். உன்னை ஒரு போலீஸ்காரம்மா கூட்டிட்டு வந்து குடுத்துச்சு. அப்புறம் சரியாயிட்டா.”

“கதையில அது வரவே இல்லையே?”

ஸ்பானர் சத்தம் நின்றது.

“சரி, அன்னிக்கு வேகமா முன்னாடி போனது யாருப்பா?”

வண்டிக்கு அடியிலிருந்து பதில் வரவில்லை. நான் காத்திருந்தேன். என் அப்பா இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. டோக்கியோ ரயிலுக்கு அவர் தயார்.

“நான்தான்” என்றார் கடைசியில். அவர் வெளியே வந்தபோது மூக்கில் கிரீஸ் இருந்தது, முகத்தில் சிரிப்பு இல்லை. “அவ வரலன்னு சொல்றது அதுக்குத்தானா?”

“ஆமா.”

“நான் ஒரு மடையன், ரூயான். இப்ப என்ன பண்ணலாம்?”

“தெரியல. யோசிக்கிறேன். ஆனா டோக்கியோவுல நீங்க அம்மாவுக்குப் பின்னாடிதான் வரணும்.”

“எவ்வளவு பின்னாடி?”

“ஸ்கூட்டர்ல பின் சீட்டு இருக்குல்ல, அவ்வளவு.”

மறுநாள் ஞாயிறு. விடிந்ததும் அம்மாவோடு சந்தைக்குப் போனேன். எங்கள் சந்தைக்கு மேலே தகரக் கூரை. உள்ளே ஏகப்பட்ட சந்துகள். எந்தச் சந்துக்கும் பெயர்ப் பலகை கிடையாது. வெளியூர்க்காரர்கள் உள்ளே போனால் முள்ளங்கி வாங்கப் போய் முடிவெட்டிக்கொண்டு வெளியே வருவார்கள். ஆனால் அம்மா இரண்டு கையிலும் பையோடு, வழியில் எல்லோரிடமும் “சாப்டாச்சா?” என்று கேட்டுக்கொண்டே சர்ரென்று போனாள்.

சட்டென்று எனக்கு அந்தக் கேள்வி வந்தது.

“அம்மா, இங்க ஏன் உனக்கு வழி தப்பவே மாட்டேங்குது?”

“இங்க எப்படித் தப்பும்? பன் வேகற ஆவி முகத்துல அடிச்சா வலது பக்கம். குடைக்காரர் வந்தா நேரா. பூக்கடையில இடது பக்கம். இதுக்கெல்லாம் தனியா வழி தெரியணுமா?”

“கடைய மாத்திட்டா?”

“தோஃபுக்காரர் ஒரு தடவை சொல்லாமக் கொள்ளாமக் கடைய மாத்தினாரு. பாதிச் சந்தை அவரத் தேடிச்சு. நான் தேடவே இல்ல. அவர் பச்சைப் பையிலதான் தோஃபு குடுப்பாரு. பச்சைப் பையோட ஆளுங்க எங்கேருந்து வர்றாங்கன்னு பாத்தேன், போனேன், வாங்கினேன்.”

நான் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த பெண்ணின் கூடை என் முதுகில் இடித்தது.

அம்மாவுக்கு வழி தெரியாமல் இல்லை. அம்புக்குறியும் எண்ணும் போட்ட பலகைகளைப் பார்த்தால்தான் அவளுக்குக் குழப்பம். கடைகளைப் பார்த்தால் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. டோக்கியோ ரயில் நிலையத்தில் கடைகள் இல்லாமலா இருக்கும்?

சித்திக்குப் போன் செய்தேன்.

“சித்தி, நாங்க ரயிலை விட்டு இறங்குற இடத்துலேருந்து நீ நிக்கப்போற வாசல் வரைக்கும் நடந்து, வீடியோ எடுத்து அனுப்பு. போர்டு எதையும் காட்டாதே. கடைய மட்டும் காட்டு.”

“ஏன்டி?”

“ஏன்னு கேக்குறது என் வேலை சித்தி.”

“நானே விமான நிலையத்துக்கு வந்துடுவேன்டா கண்ணு. ஆனா அன்னிக்குன்னு பாத்து லீவு தர மாட்டேங்குறாங்க. வேலை முடிச்சு நேரா ஸ்டேஷன் வாசல்ல இருக்கிற பெரிய கடிகாரத்துக்குக் கீழ வந்து நிப்பேன்.”

அன்று இரவே வீடியோ வந்தது. டிக்கெட் கேட் தாண்டியதும் ஒரு ரொட்டிக் கடை. அதைத் தாண்டிக் குடைக் கடை. பிறகு நாலு வழி சேரும் இடத்தில் ஒரு பூக்கடை. அங்கே இடது பக்கம் திரும்பினால் இனிப்புப் பயறு உருண்டை விற்கும் கடை. அங்கே சித்தி ஒன்று வாங்கி, மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் கடித்து, “அக்காவுக்குப் பிடிக்கும்” என்றாள். பிறகு படி. மேலே கடிகாரம்.

அடுத்த வாரம் நான் சந்தையில் ரகசியமாகச் சில வேலைகள் செய்தேன். ரகசியம் என்றுதான் நினைத்தேன். சந்தையில் ரகசியத்துக்கு ஆயுள் குறைவு என்பதால், மீன் உருண்டை விற்பவர் வரை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அம்மாவுக்கு மட்டும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு காலிப் பெட்டியை உருட்டிக்கொண்டு சந்தைக்கு வந்தார், அதுவும் நடந்து. அதைப் பார்த்தே பலர் வாயைப் பிளந்தார்கள்.

“எதுக்குங்க இந்தப் பெட்டி?” என்றாள் அம்மா.

அப்பா வாயைத் திறக்கவில்லை. விரலால் முன்னே காட்டிவிட்டு, அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

பன் கடைக்காரர் அம்மாவைக் கண்டதும் இடுப்பு வரை குனிந்து வணங்கினார். அவர் தொப்பி மாவுப் பாத்திரத்தில் விழுந்தது. குடைக்காரர் படாரென்று ஒரு பூப்போட்ட குடையை விரித்தார். பூக்கடை அக்கா இரண்டு கையாலும் இடது பக்கம் காட்டினாள். அங்கே பயறு அடை விற்கும் அண்ணன், “டோக்கியோ வந்தாச்சு, சியூபிங் அக்கா! பயறு உருண்டை இல்ல, அடைதான் இருக்கு. சூடா இருக்கு!” என்று கத்தி ஒரு மஞ்சள் பையை நீட்டினார்.

“என்னடி கூத்து இது?” அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. “எல்லார்கிட்டயும் சொல்லிட்டியா, எனக்குப் பயம்னு?”

எனக்குப் பகீரென்றது. “இல்லம்மா! உனக்கு வழி தெரியும்னுதான் சொன்னேன்.”

போனை எடுத்து வீடியோவைக் காட்டினேன். அம்மா முதலில் கோபத்தோடு பார்த்தாள். ரொட்டிக் கடை போனது, குடைக் கடை போனது. அவள் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். முழுவதும் பார்த்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து போட்டாள்.

“மேல கூரை. ரெண்டு பக்கமும் கடை” என்றாள் மெதுவாக. “இது நம்ம சந்தை மாதிரில்ல இருக்கு?”

“சந்தையேதான்” என்றேன்.

“இன்னொரு தடவை போய்ப் பாக்கலாமா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் பன் கடைக்குத் திரும்பி நடந்தாள். அப்பா பெட்டியோடு பின்னாலேயே ஓடினார். பன் கடைக்காரர் இந்தத் தடவை தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டு வணங்கினார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா ஸ்கூட்டரைக் கோயில் வாசலில் நிறுத்தினாள். மாஜு அம்மன் முன்னால் மண்டியிட்டு, பேரும் விலாசமும் சொன்னாள்.

“நான் டோக்கியோ போறேன். நீ துணைக்கு வர்றியா?”

ஒரே ஒரு கேள்வி. கட்டைகள் விழுந்தன. ஒன்று தட்டை, ஒன்று மேடு.

“மூணு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கணும்மா” என்றேன்.

“ஒரு தடவை சொன்னாப் போதும். அவளுக்கும் வேற வேலை இருக்கும்ல” என்று எழுந்தாள் அம்மா.

அன்று இரவு பெட்டியில் அம்மாவின் நீலப் பட்டு கவுன் ஏறியது. மூன்று பேருக்கும் கோயிலில் வாங்கிய சின்னச் சிவப்புத் தாயத்துப் பைகளும் ஏறின. அடுத்த நாள் அப்பாவும் அம்மாவும் நகரும் படிக்கட்டில் இடது பக்கம் நிற்பதற்கு ஒரு பெரிய துணிக்கடைக்குப் போய்ப் பழகினார்கள். பின்னால் வந்தவர்கள் எல்லோரும், “வலது பக்கம் நில்லுங்க!” என்று திட்டினார்கள். அப்பா பெருமையாகத் திட்டு வாங்கிக்கொண்டார்.

ஜூன் மாதம் வந்தது, நாங்களும் டோக்கியோவில் இறங்கினோம்.

ரயிலில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கியதும் பெருமூச்சு விட்டார். சுற்றிலும் கூட்டம். இத்தனை பேர் நடந்தும் காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. எனக்கு எல்லாவற்றையும் நின்று பார்க்க வேண்டும் போலிருந்தது. இவர்கள் பெட்டி இத்தனை சத்தமில்லாமல் உருள்வது எப்படி, அந்தப் பையன் தனியாகவா பள்ளிக்கூடம் போய் வருகிறான், இவர்கள் எல்லோரும் ஏன் இவ்வளவு அவசரமாகப் போகிறார்கள்...

“ரூயான், கை” என்றாள் அம்மா. என் கையை இறுக்கிப் பிடித்தாள். 

கேட் தாண்டினோம். வெண்ணெய் வாசனை வந்தது. “ரொட்டிக் கடை” என்றாள் அம்மா.

குடைக் கடையும் வந்தது. வெளியே மழை பெய்ததால் அங்கே நல்ல வியாபாரம். அம்மாவின் நடையில் வேகம் கூடியது.

பிறகு நாலு வழி சேரும் இடம் வந்தது. பூக்கடை இல்லை.

அது இருந்த இடமெல்லாம் வெள்ளைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். ஏதோ கட்டட வேலை. பலகைகளைச் சுற்றி வளைத்து வழியை மாற்றிவிட்டிருந்தார்கள். எந்தப் பக்கம் முன்பு இடது பக்கமாக இருந்தது என்றே புரியவில்லை.

அம்மா நின்றுவிட்டாள். கூட்டம் எங்கள் இரண்டு பக்கமும் ஓடியது. என் கையை அவள் பிடித்த பிடியில் விரல் வலித்தது.  எல்லாம் யோசித்தேனே, கடையே இல்லாமல் போகும் என்று யோசிக்கவில்லையே!

அப்பா மேலே தொங்கிய பலகைகளைப் பார்த்தார். ஜப்பானிய எழுத்தில் பாதி எங்கள் சீன எழுத்துதான். எங்களால் கொஞ்சம் படிக்க முடியும். அந்தக் கொஞ்சத்தை நம்பித்தான் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் இங்கே வழி தவறுகிறார்கள் என்று சித்தி சொல்லியிருந்தாள்.

அவருடைய கால் ஒரு அடி முன்னால் போனது. பிறகு அவரே அதைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“நீ சொல்லு சியூபிங். நான் பின்னாடிதான் இருக்கேன்” என்றார். டோக்கியோவே பாராட்டும் அளவுக்கு மெதுவாகச் சொன்னார்.

அம்மா பலகைகளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்க்கவில்லை. எதிரே வருகிறவர்களின் கைகளைப் பார்க்க ஆரம்பித்தாள். ஒருவர் கையில் குடை. ஒரு பெண் கையில் கைப்பை. ஒரு தாத்தா கையில் செய்தித்தாள். அம்மா என்ன தேடுகிறாள் என்று எனக்கு அப்போது புரிந்தது. நானும் தேடினேன்.

ஒரு மஞ்சள் பை வந்தது. பின்னால் பள்ளிச் சீருடையில் வந்த இரண்டு பெண்கள் கையிலும் மஞ்சள் பை.

“தோஃபுக்காரர்!” என்று நான் கத்தினேன். பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“அந்த மூணாவது வழி” என்றாள் அம்மா. “எல்லாரும் அங்கேருந்துதான் வர்றாங்க. வாங்க.”

அவள் நடந்தாள். மஞ்சள் பைகளுக்கு எதிராக, கூட்டத்தைப் பிளந்துகொண்டு, எங்கள் சந்தையில் போவது போலவே போனாள். கையில் பை இல்லாததும், யாரிடமும் “சாப்டாச்சா?” என்று கேட்காததும்தான் குறை. வளைந்து திரும்பியதும் வெந்த பயறு வாசனை வந்தது. அந்தக் கடை இருந்தது. அதற்கு அப்பால் படி இருந்தது.

அம்மா கடை முன்னால் நின்று, ஆறு பயறு உருண்டை வாங்கினாள். காசைச் சின்னத் தட்டில் சரியாக வைத்தாள்.

படியேறினோம். பெரிய கடிகாரத்துக்குக் கீழே சித்தி நின்றிருந்தாள். வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யென்!” என்று சித்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் அம்மா.

சித்தி திரும்பினாள். “அக்கா! நீயா முன்னாடி வர்ற?” என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள். “பூக்கடைய மூடிட்டாங்கன்னு இப்பத்தான் பாத்தேன். பதறிப்போயிட்டேன். போன் பண்ணினா நீங்க எடுக்கல. எப்படி வந்தீங்க?”

 அம்மா மஞ்சள் பையை மட்டும் நீட்டினாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுதார்கள். பக்கத்தில் நின்ற ஒருவர் சட்டென்று இடுப்பு வரை குனிந்து வணங்கினார். அவர் உச்சந்தலையைப் பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நிமிர்ந்தபோது முகமும் பார்த்தேன். காது கொஞ்சம் பெரிது, சிரிப்பு நன்றாக இருந்தது.

மறுநாள் கல்யாண விருந்து. அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

“ஒரு கதை சொல்றேன் கேளுங்க. ஸ்டேஷன்ல வழி தப்பின கதை.”

அம்மாவின் கை மேசை மேல் அசையாமல் நின்றது. நான் அப்பாவின் கோட்டைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கையை விலக்கினார்.

“தைபேய்ல ஒருத்தன் பொண்டாட்டியையும் பிள்ளையையும் விட்டுட்டு முன்னாடி ஓடினான். அந்த மடையன் நான்தான். அந்த மடையன நேத்து இதே ஊர்ல, என் பொண்டாட்டி இவ, கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வராத குறையாக் கூட்டிட்டு வந்தா. எப்படின்னா...”

அவர் நடித்துக் காட்டினார். ஒரு கையில் பெட்டி, கண் மேலே பலகையில், ஒரு கால் முன்னால், மறுகால் பின்னால். நடுவில் திருதிருவென்று விழித்தார். சித்தி மொழிபெயர்த்துச் சொல்ல, நவோகியின் வீட்டார் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள், சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல்.

முதலில் சிரித்தது அம்மா.